ஒரு ஆள், உயரம், கறுப்பு

கத்தரினுக்கு அன்றைக்கு வீட்டை விட்டு இறங்கவே மனமில்லை. பெப்ரவரிக் குளிர் ஒரு பக்கம், தனியே போகவேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் ஐந்து வயது ஜென்சி ஒரு கிழமையாக ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்களை நூலகத்தில் மாட்டியிருக்கிறார்களாம். சனிக்கிழமை பெரிய விழாவாம். எல்லாரும் அம்மாவோடு வரவேண்டுமாம்.

"என்ன விழா?"

"கறுப்பு ஆக்களின்ர இஸ்துவார்."

"இஸ்துவார் எண்டால்?"

"கதை அம்மா. கனகாலத்துக்கு முந்தி உண்மையா நடந்த கதை."

மன்னாரிலிருந்து அவர்கள் மொன்றியலுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கத்தரினுடைய தம்பியை ஒரு பின்னேரம் வெள்ளை வானில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவன் திரும்பவில்லை. கணவன் றெனோல்டையும் தேடி ஆள் வந்ததும் இருந்ததை விற்றுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அகதி விசாரணை அடுத்த மாதம். அதுவரைக்கும் பொலிசோடு ஒரு சின்னச் சிக்கலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். கத்தரின் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். தெருவில் பொலிஸ் காரைக் கண்டால் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவாள்.

அது ஒரு பயம். இன்னொரு பயத்தை அவளுக்குள் போட்டது மாக்கிரட் மச்சாள். வந்த புதிதில் அவர்கள் இருந்தது மச்சாளின் வீட்டில்தான். "கறுவலுகள் நிக்கிற இடத்தில பிள்ளையை விட்டுடாதை," என்று மச்சாள் முதல் நாளே சொன்னாள். "பஸ்ஸில பக்கத்தில வந்து இருந்தாலும் எழும்பிப் போயிடு." ஏன் என்று கத்தரின் கேட்கவில்லை. தன் வீட்டில் தானே ஆகக் கறுப்பு என்பதும், அக்காமார் தன்னைக் கூப்பிட்டதே கறுவல் என்றுதான் என்பதும் அந்த நேரம் அவளுக்கு நினைவில் வரவில்லை.

றெனோல்டுக்கு டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. "நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம். நான் வேலை முடிஞ்சு நேர அங்க வாறன்," என்றான். அதற்கு மேல் சாட்டுச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

நூலக மண்டபம் நிறைந்திருந்தது. அவள் அவ்வளவு கறுப்பின மக்களை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பெண்கள் பளபளக்கும் தலைத்துணி கட்டியிருந்தார்கள். சிறுவர்கள் இஸ்திரி போட்ட சட்டையில் விறைத்து நின்றார்கள். மூலையில் ஒரு மேசையில் பொரித்த வாழைக்காயைத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். சுவரெல்லாம் பழைய படங்கள்: ரயில் பெட்டிக்கு முன்னால் தொப்பியோடு நிற்கும் ஆண்கள், வெள்ளைச் சீருடைத் தாதிகள், வகுப்பறையில் ஒரு ஆசிரியை. படங்களுக்குக் கீழே சின்னப் பிள்ளைகள் வரைந்தவை. ஜென்சி ஒரு தாதியை வரைந்திருந்தாள். தாதியின் தொப்பி உடம்பைவிடப் பெரிது.

குட்டை முடி வெட்டிய நூலகப் பெண் ஒருத்தி வந்து கை கொடுத்தாள். பெயர் லூசி என்றாள். கத்தரின் வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்டாள், கோட்டுகளை மாட்டும் இடத்தைக் காட்டினாள். கத்தரின் தன்னுடையதையும் ஜென்சியின் ரோசாப்பூ நிறக் கோட்டையும் மாட்டிவிட்டுத் திரும்பினபோது ஜென்சியைக் காணவில்லை. பார்த்தால், மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஒலிபெருக்கிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு உயரமான கறுப்பர் அவளுக்கு முன்னால் குந்தியிருந்து, சின்ன மேளமொன்றில் அவள் கையைத் தட்ட வைத்துக்கொண்டிருந்தார். நீளமான சாம்பல் கோட்டு போட்டிருந்தார். ஜென்சி கிலுகிலுவென்று சிரித்தாள்.

கத்தரின் ஓடிப்போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த மனிதர் எழுந்து ஏதோ வணக்கம் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள்.

"அம்மா, பெரிய மேளமும் இருக்காம்."

"பேசாமல் வா. தெரியாத ஆக்களோட கதைக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

முதலில் பேச வந்தவர் மதாம் லோரான்ஸ் என்ற வயதான ஆசிரியை. சுவர்ப் படத்தில் வகுப்பறையில் நின்ற பெண் அவர்தான். ஹெய்ட்டியிலிருந்து இளம் வயதில் வந்து, கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபராகவே ஆனவர். மெல்ல, வகுப்பில் பேசுவதுபோலப் பேசினார். கத்தரினுக்கு முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விளங்கியது. பிறகு அவர் தன் முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அறை தேடியது. தொலைபேசியில் அறை இருக்கிறது, வாருங்கள் என்பார்கள். வாசலில் முகத்தைக் கண்டதும், ஐயோ, இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார் என்பார்கள். கையில் பெட்டியோடு பனியில் அடுத்த வாசலுக்கு நடக்க வேண்டும்.

கத்தரினுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. மச்சாள் வீட்டிலிருந்து வெளிக்கிட்ட காலத்தில் அவளும் றெனோல்டும் அப்படி எத்தனை வாசலில் நின்றிருப்பார்கள். நாற்காலியின் நுனிக்கு வந்து கேட்டாள். ஒலிவாங்கி நடுவில் கரகரத்தது. யாரோ வந்து அதன் அடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மதாம் லோரான்ஸ் குரலை உயர்த்தித் தொடர்ந்தார்.

இதைப் பிள்ளைக்கும் சொல்லவேண்டும் என்று நினைத்துத் திரும்பினாள். பக்கத்து நாற்காலி வெறுமையாக இருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து மேடைப் பக்கம் போனாள். சின்ன மேளம் கிடந்தது, பிள்ளை இல்லை. சிறுவர் பகுதியில் இல்லை. கழிவறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். இல்லை. கடைசியில் கோட்டு மாட்டிய இடத்துக்கு வந்தாள். தன்னுடைய கோட்டு தொங்கியது. ரோசாப்பூக் கோட்டு இல்லை.

வெளியே பனி ஊசியாய்க் குத்தும் குளிர். மடு மாதாவே, மடு மாதாவே என்று கத்தரினின் உதடு தானாக முணுமுணுத்தது. கண் மண்டபத்தைச் சுற்றிச் சுழன்று மேடைக்குப் போனது. சாம்பல் கோட்டுக்காரரையும் காணவில்லை.

லூசி ஓடி வந்தாள். "என்ன நடந்தது? பிள்ளை யாரோடாவது நின்றாளா?"

கத்தரின் வாயைத் திறந்தாள். படித்த பிரெஞ்செல்லாம் பறந்துபோய், மூன்று சொல்தான் மிஞ்சியிருந்தது.

"ஒரு ஆள். உயரம். கறுப்பு."

"அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாரா? நீங்கள் பார்த்தீர்களா?"

கத்தரின் தலையை ஆட்டினாள். ஓம் என்றுதான் ஆட்டினாள். பிள்ளையோடு நின்றதைப் பார்த்தேன் என்று ஆட்டினாளா, கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று ஆட்டினாளா என்று அந்த நேரம் அவளுக்கே தெரியாது.

வாசல் காவலாளி தொலைபேசியை எடுத்தார். உயரம், கறுப்பு என்று அவர் திரும்பச் சொல்வது கேட்டது. மேடையில் பேச்சு நின்றது. லூசி ஒலிவாங்கியில் பிள்ளையின் பெயரையும் கோட்டின் நிறத்தையும் சொன்னாள். மறு பேச்சில்லாமல் மண்டபமே எழுந்தது. தலைத்துணிப் பெண்கள் கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள். கிழவர் ஒருவர் ஊன்றுகோலோடு படியிறங்கினார். "ஜென்சி, ஜென்சி" என்று தெரு முழுக்க வேற்றுக் குரல்கள் கூப்பிட்டன.

கத்தரினும் ஓடப்போனாள். வாசலில் ஒரு தாயும் மகனும் வழியை மறித்து நின்றார்கள். மகனுக்குப் பதினாறு வயதிருக்கும், தாயைவிட இரண்டு தலை உயரம். அவனும் தேடப் போகக் கோட்டை மாட்டிவிட்டான். தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள்.

"நீ போகாதே. பொலிஸ் வருகிறது. உயரமான கறுப்பு ஆளைத் தேடுகிறார்கள். நீ உள்ளே இரு."

"அம்மா, சின்னப் பிள்ளையைக் காணவில்லை என்கிறார்கள்."

"இரு என்றால் இரு."

அந்தத் தாயின் கண்ணைக் கத்தரின் பார்த்தாள். பொலிஸ் காரைக் கண்டு தெருவைக் கடக்கும்போது கடைக் கண்ணாடியில் தெரியும் தன்னுடைய கண் மாதிரியே இருந்தது. தான் சொன்ன மூன்று சொல் எங்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிற்க நேரமில்லை. வெளியே ஓடினாள்.

பொலிசில் இரண்டு பேர் வந்தார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி, இளைஞன் ஒருவன். இளைஞன் காரோடு தெருமுனைக்குப் போனான். பெண் பொலிஸ் கத்தரினிடம் கேள்வி கேட்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் பொலிஸ்காரியின் தோளிலிருந்த வானொலிக் கருவி கரகரத்தது. "வாருங்கள்," என்றாள். "ஒரு ஆளை நிறுத்தியிருக்கிறோம்."

"பிள்ளை?"

"பிள்ளை அவனோடு இல்லை."

தெருமுனைச் சின்னக் கடைக்கு முன்னால் பொலிஸ் கார் நின்றது. சாம்பல் கோட்டு மனிதர் காரின் கூரையில் இரண்டு கையையும் விரித்து வைத்து நின்றார். கையுறை இல்லை. காலடியில், பனியில், ஒரு பிளாஸ்டிக் பையும் அதிலிருந்து சிதறின பற்றரிகளும் கிடந்தன. இளம் பொலிஸ்காரன் பின்னால் நின்றான். அந்த மனிதர் அசையவே இல்லை. மூச்சு விடுவதைக்கூட எண்ணி எண்ணி விடுவதுபோல இருந்தது.

"இவன்தானா?" என்று இளைஞன் கேட்டான்.

"பிள்ளையோடு பேசிய ஆள்," என்றாள் கத்தரின்.

"கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தீர்களா?"

அந்த மனிதர் தலையை மட்டும் மெல்லத் திருப்பினார். "மதாம்," என்றார். குரல் வறண்டிருந்தது. "நீங்கள் என்ன பார்த்தீர்கள்? பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்."

பார்க்கவில்லை என்றால், முன்பு சொன்னது பொய் என்றாகும். பொலிசுக்குப் பொய் சொன்னவள். அடுத்த மாதம் விசாரணை. அந்த அறையில் இதை எடுத்து முன்னால் போடுவார்கள். திருப்பி அனுப்புவார்கள். கொழும்பு விமான நிலையமும் மன்னார் வீதியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஒரு தலையாட்டல் போதும், அவளுக்கு ஒன்றும் வராது. ஆனால் இவர்கள் இந்த மனிதரையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பிள்ளை எங்கேயோ குளிரில் கிடக்கும். அவர் நல்லவரா கெட்டவரா என்று அவளுக்குத் தெரியாது. தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

"இல்லை," என்றாள். "நான் ஒன்றும் பார்க்கவில்லை. எனக்குப் பயம். பயத்தில் சொன்னது."

இளைஞன் வாய்க்குள் ஏதோ திட்டினான். பெண் பொலிஸ் அவளை உற்றுப் பார்த்தாள்.

"பிள்ளை என்னிடம் பெரிய மேளத்தைக் கேட்டாள்," என்று அந்த மனிதர் அவசரமாகச் சொன்னார். கை இன்னும் கூரையில்தான் இருந்தது. "வானில் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன் என்றேன். ஒலிவாங்கிக்குப் பற்றரி தேடி வானுக்குப் போனேன். அங்கே இல்லை, கடைக்கு வந்தேன். அவள் எனக்குப் பின்னால் வந்திருந்தால்..."

"வான் எங்கே?"

"நூலகத்துக்குப் பின்னால். வெள்ளை வான்."

வெள்ளை வான். கத்தரினுக்குத் தன் தம்பியின் செருப்பு ஒன்று வாசலில் தனியே கிடந்தது ஞாபகம் வந்தது. வேண்டாம், அந்த வானைத் திறக்க வேண்டாம் என்று மனம் கத்தியது. வாய் வேறு சொல்லியது.

"இவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இவருக்குத்தான் தெரியும். சீக்கிரம்."

நூலகத்தின் பின் ஒழுங்கைக்குள் திரும்பியதும் சத்தம் கேட்டது. தும். கொஞ்சம் விட்டு, தும். பலமில்லாமல், ஒழுங்கில்லாமல், தகரத்துக்குள்ளிருந்து வந்தது. இளைஞன் சாவியை வாங்கிப் பின்கதவைத் திறந்தான். உள்ளே போர்வைகளுக்கு நடுவில், தன் உயரமான ஒரு மேளத்தின்மேல் இரண்டு கைமுட்டியையும் வைத்தபடி ஜென்சி நின்றாள். முகமெல்லாம் கண்ணீரும் மூக்குச்சளியும்.

"அம்மா, இருட்டு," என்றாள்.

கத்தரின் அவளை வாரி எடுத்தாள். பிள்ளையின் கை ஐஸ்கட்டியாக இருந்தது. அதைத் தன் கழுத்துக்குள் திணித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில், பின்னால் உலோகம் பூட்டும் சத்தம் கேட்டது. திரும்பினாள். அந்த மனிதரின் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"பிள்ளை உன் வானுக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது," என்றான் இளைஞன். "இதற்கு என்ன சொல்கிறாய்?"

அவர் பனியைப் பார்த்து நின்றார். உதடு வெளுத்திருந்தது.

பிள்ளை கிடைத்துவிட்டது. அப்படியே நடந்து வீட்டுக்குப் போனாலும் கத்தரினை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் ஜென்சி அவள் தோளிலிருந்து தலையைத் தூக்கி, டீச்சரிடம் சொல்வதுபோலத் தெளிவான பிரெஞ்சில் சொன்னாள்:

"அவர் ஒன்றும் செய்யவில்லை. நான்தான் ஏறினேன்."

பெண் பொலிஸ் பனியில் முழந்தாளிட்டாள். "அவர் உன்னைக் கூப்பிட்டாரா?"

"இல்லை. அவர் முன்னுக்கு ஒரு பெட்டிக்குள் தேடினார். பின்கதவு திறந்திருந்தது, நான் ஏறினேன். பிறகு கதவு மூடிக்கொண்டது. கூப்பிட்டேன், ஒருவரும் வரவில்லை. அதுதான் அடித்தேன்."

"சின்னப் பிள்ளை, பயந்துபோய் இருக்கிறது," என்றான் இளைஞன். "தாய்தான் முதலில் இவனைச் சொன்னவள்."

"நான் பிழையாகச் சொன்னேன்," என்றாள் கத்தரின். குரல் கீச்சென்று வந்தது. பிரெஞ்சில் வராத இடத்தில் கையால் சொன்னாள், நெஞ்சில் அடித்துச் சொன்னாள். "பிழை என்னுடையது. என் பெயரை எழுதுங்கள்."

அதுவரைக்கும் அவளிடம் யாரும் பெயர் கேட்டிருக்கவில்லை. அவளே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். முகவரியும் சொன்னாள். சொல்லும்போது பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. குளிர் அதற்கு அரைவாசிக் காரணம்தான்.

விலங்கைக் கழற்ற நேரமெடுத்தது. அவருடைய பெயரைக் கருவியில் கேட்டு உறுதிப்படுத்தினார்கள். வில்னேர் தெலிஸ் என்று அப்போதுதான் கத்தரினுக்குத் தெரிந்தது. அவர் ஒலிவாங்கியோடு மினக்கெட்டுவிட்டுப் பற்றரி தேடித் தனியே வெளியே போனதைப் பார்த்தவர்கள் மண்டபத்திலிருந்து வந்து சொன்னார்கள். லூசி ஒரு கதிரையைக் கொண்டு வந்து பின்கதவுக்குள் போட்டுத் தாயையும் பிள்ளையையும் இருத்தினாள். கத்தரின் கண்ணெடுக்காமல் பொலிஸ் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே, பின் இருக்கையில், தலையைக் குனிந்து இருந்தார். அவரை இறக்கிவிட்டு அது போகும்வரைக்கும் அவள் கதிரையை விட்டு எழவில்லை.

அவர் உள்ளே வந்தபோது அவள் எழுந்து எதிரே போனாள். மன்னிப்புக்குரிய சொல் அவளுக்குத் தெரியும். வகுப்பில் முதல் மாதமே படித்தது, பஸ்ஸில் கால் மிதித்தால் சொல்வது. அதே சொல்லைத்தான் சொன்னாள்.

வில்னேர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். ஜென்சியைப் பார்த்தார். "பிள்ளைக்குச் சூடாக ஏதாவது கொடுங்கள்," என்றார். பிறகு, "இன்றைக்கு வேண்டாம், மதாம். இன்றைக்கு என்னால் முடியாது," என்றுவிட்டு விலகி நடந்தார்.

கோட்டு எடுக்க மண்டபத்துக்குள் போகவேண்டியிருந்தது. எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு அடங்கியது. உயரமான மகனோடு நின்ற தாய் எழுந்து கேட்டாள்.

"அவரா, மதாம்? வில்னேரா பிள்ளையை எடுத்தார்?"

"இல்லை," என்றாள் கத்தரின். மண்டபம் முழுவதும் கேட்கிற மாதிரிச் சொல்ல முயன்றாள். "ஒருவரும் எடுக்கவில்லை. நான் பார்க்காததைச் சொன்னேன்."

அந்தத் தாய் உட்கார்ந்தாள். மகனுடைய சட்டைக் கையை அவள் இன்னும் விடவில்லை.

விழாவை நிறுத்திவிடலாமா என்று லூசி மெல்லக் கேட்டாள். மதாம் லோரான்ஸ் மேடை நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏன் நிறுத்த வேண்டும்?" என்றார். பிறகு, கோட்டும் கையுமாக வாசலைப் பார்த்து நின்ற கத்தரினிடம் திரும்பினார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "உட்காருங்கள், மதாம். நான் இன்னும் முடிக்கவில்லை."

கத்தரின் உட்கார்ந்தாள். அவ்வளவு கண்களுக்கு நடுவில் இருப்பது ஓடிப்போவதைவிடப் பயமாக இருந்தது. பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். யாரோ ஒரு கோப்பை சூடான சொக்கலேட்டை ஜென்சியின் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். மதாம் லோரான்ஸ் அறை கிடைத்த கதையையும், வகுப்பு கிடைத்த கதையையும், தன்னிடம் பிள்ளையை விடமாட்டோம் என்று சொன்ன பெற்றோரின் கதையையும் சொன்னார். பிறகு மேளம் அடிக்க வேறொருவர் வந்தார். வில்னேர் சுவரோரம் நின்று, கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்.

றெனோல்ட் வரும்போது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வேலைக் கோட்டில் பனி ஒட்டியிருந்தது. "எப்பிடி இருந்தது?" என்று பிள்ளையைத் தூக்கினான்.

கத்தரின் தெருவில் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை காணாமல் போனதைக் கேட்டபோது அவன் ஜென்சியை நெஞ்சோடு சேர்த்தான். பொலிசுக்குப் பெயர் கொடுத்ததைக் கேட்டபோது நின்றுவிட்டான்.

"பெயரைக் குடுத்தனீரா? முகவரியையுமா? அடுத்த மாதம் என்ன இருக்கு எண்டு தெரியும்தானே."

"தெரியும்."

"அங்க கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"நடந்ததைச் சொல்லுவன்," என்றாள் கத்தரின். "கறுப்பு ஆள் எண்ட உடனே நான் ஒரு மனுசனைப் பிடிச்சுக் குடுத்தன் எண்டு சொல்லுவன். பேந்து இல்லை எண்டு சொன்னதையும் சொல்லுவன்."

"அனுப்பிப்போடுவாங்களோ தெரியாது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது. மூன்று பேரும் தெருவைக் கடந்தார்கள்.